காளிதாஸ் பத்தர் குறித்துக் கொடுத்த கேம்

1963-ஆம் வருஷம் மாசி மாதம், காரைக்குடி செக்காலை ரோட்டில் இருந்த நாகூர் கனியின் மோட்டார் பட்டறையில் ஒரு தங்க ஆசாரி வேலைக்குச் சேர்ந்தார். பெயர் காளிதாஸ். ஊரில் பத்தர் என்றால்தான் தெரியும். வயது முப்பத்து மூன்று. முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்த டிரைவர்கள், இந்த ஆள் யாரையோ அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தார்கள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்திருந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. செட்டிநாட்டில் எந்தக் கல்யாண வீட்டில் பதினாலு காரட்டில் கழுத்துரு என்ற தாலி மாலையைச் செய்யச் சொல்வார்கள்? பத்து வயதில் ஊதுகுழலைப் பிடித்த காளிதாஸுக்கு ஒரே வாரத்தில் வேலை இல்லாமல் போயிற்று. மாற்றுத் தொழிலுக்கு உதவி கேட்பவர்கள் நிரப்ப வேண்டிய தாளில், வேறு என்ன வேலை தெரியும் என்று ஒரு கேள்வி இருந்தது. இருபத்து மூன்று வருஷம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அந்த இடத்திலேயே எழுதினார். எழுதிய பிறகு அதைக் கொடுக்கவும் மனம் வராமல் கிழித்துப் போட்டார்.

நாகூர் கனி மலாயாவில், ஈப்போ நகரத்தில், பதினைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பத்தரின் விரல்களைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார். கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற பித்தளைத் துளை தேய்ந்து பெரிதாகிவிட்டால் புதுசு கிடைக்காத காலம் அது. பத்தர் அந்தத் துளையைப் பற்றவைத்து அடைத்து, தலைமுடி கனத்தில் மறுபடி துளைத்துக் கொடுத்தார். அப்புறம் வால்வு உட்காரும் இடங்களைத் தேய்த்தார். அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டையே கையில் எடுத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து அந்தப் பதினாலு காரட் தடை நீங்கியது. மனைவி நாகவல்லி, பழைய வேலைக்குத் திரும்பலாமே என்று கேட்டாள். அவர்கள் நினைத்தால் நிறுத்துவார்கள், நினைத்தால் விடுவார்கள், அதற்கெல்லாம் நான் ஆடிக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார் காளிதாஸ். அது பாதி உண்மைதான். இன்ஜின் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது மீதிப் பாதி. காற்றும் பெட்ரோலும் உள்ளே போய், வெடித்து, புகையாக வெளியே வருகிற அந்த வழிகளை நினைத்துக்கொண்டே சாப்பிடுவார். குழம்பு ஊற்றினாளா ரசம் ஊற்றினாளா என்று தெரியாது.

1967 ஆவணியில் சோமு வந்தான். கொத்தமங்கலத்தில் பெரிய வீட்டுப் பிள்ளை. தகப்பனார் இல்லை, தாயார் மெய்யம்மை ஆச்சிக்கு ஒரே மகன். வயது இருபத்தாறு. ஒரு பியட் கார் வைத்திருந்தான். அடுத்த மாசியில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும், இன்ஜினுக்குக் கூடுதல் வலு வேண்டும் என்றான். கனி அவனைப் பத்தரிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

காளிதாஸ் அந்த ஹெட்டை இரண்டரை மாதம் வைத்திருந்தார். அலுமினியம் அரத்தில் அப்பிக்கொள்ளும். அதற்காக அரத்துக்குச் சாக்கட்டி பூசிப் பூசித் தேய்த்தார். காற்றுப் போகும் வழியை ஒரேயடியாகக் குடைந்து பெரிதாக்கவில்லை. எங்கே காற்று முட்டித் திரும்புகிறதோ அங்கே மட்டும் எடுத்தார். அது எங்கே என்று கண்டுபிடிக்க அவரே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கொல்லுப் பட்டறையில் கையால் சுற்றுகிற காற்றுச் சக்கரம் ஒன்று, வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று, அதில் குங்குமம் கரைத்த தண்ணீர். நாகவல்லி ஒரே வேகத்தில் சக்கரத்தைச் சுற்றுவாள். ஹெட்டுக்குள் காற்றுத் தாராளமாகப் போனால் குழாயில் தண்ணீர் இறங்கும். முட்டினால் ஏறும். வால்வை ஒவ்வொரு மில்லியாகத் திறந்து பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

ஒன்பது மில்லி திறக்கும் வரை தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் பத்துத் திறந்தாலும் பதினொன்று திறந்தாலும் அசையவில்லை. அதை முதலில் கவனித்தவள் நாகவல்லிதான். கதவு எவ்வளவு அகலமாகத் திறந்தால் என்ன, நடை அவ்வளவுதானே அகலம் என்றாள். காளிதாஸ் அதைக் கனியிடம் போய் அப்படியே சொன்னார்.

வால்வை எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதை முடிவு செய்வது கேம் ஷாப்ட். இன்ஜினுக்குள் சுழலும் ஒரு தண்டு அது. முட்டை வடிவத்தில் மூக்கு மூக்காகப் புடைத்திருக்கும். அந்த மூக்குதான் வால்வைத் தள்ளித் திறக்கும். சோமுவிடம் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் புத்தகம் இருந்தது. அதில் அந்த இன்ஜினுக்கு மூன்று கேம்கள் போட்டிருந்தார்கள். முதலாவது சாதாரண ஓட்டத்துக்கு. இரண்டாவது வால்வை ஒன்பது மில்லி திறக்கும், கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். மூன்றாவது பதினொன்று மில்லி, ரொம்ப நேரம். அதன் பக்கத்தில் பந்தயத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தது.

காளிதாஸ் இரண்டாவதில் சிவப்புப் பென்சிலால் குறி போட்டார். சோமு சிரித்தான். பந்தயத்துக்குன்னு எழுதியிருக்கிறதை விட்டுவிட்டு, பால் வண்டிக்குப் போடுகிறதைச் சொல்கிறீர்களே என்றான்.

காளிதாஸ் பொறுமையாகத்தான் விளக்கினார். ஒன்பதுக்கு மேல் திறந்து இந்த ஹெட்டில் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது கேமில் உள்ளே வரும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்தே நெடுநேரம் திறந்திருக்கும், வந்த பெட்ரோல் புகையோடு வெளியே ஓடிவிடும், கீழ் வேகத்தில் வண்டி இழுக்காது. இது போக இன்னொன்றும் இருந்தது. அழுத்தம் கூட வேண்டும் என்று ஹெட்டின் அடியைச் சீவியிருந்தார்கள். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மூடிய வால்வுக்கும் அதற்கும் நடுவே நாலு மில்லிதான் இடம்; அந்த நேரத்தில் வால்வு அதற்கு மேல் திறந்திருக்கக் கூடாது.

“தம்பி, மூணாவதப் போட்டா கையால சுத்திப் பாக்கையில உரசாது. ஒரு நூல் தப்பிரும். ஆனா நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுத்துல ஸ்பிரிங் பின்தங்கும். வால்வு மூடுறதுக்குள்ள பிஸ்டன் வந்து இடிச்சிரும். எழுதி வச்சுக்கங்க” என்றார்.

சோமு தலையை ஆட்டினான். கனி பக்கத்தில் நின்றிருந்தார். எதிர்த்த டீக்கடையில் இரண்டு டிரைவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேம் மலாயாவில் இருந்த சோமுவின் மாமா மூலமாகக் கப்பலில் வந்தது. அது காரைக்குடிக்கு வரவே இல்லை. சென்னையில் ஏகப்பன் என்று சோமுவின் பங்காளி ஒருவன் மோட்டார் கராஜ் வைத்திருந்தான். ஹெட்டையும் வண்டியையும் அங்கேயே கொண்டுபோய்ப் பொருத்திக்கொள்வதாகச் சோமு சொன்னான். என்ன கேம் வந்தது என்று காளிதாஸ் கேட்டனுப்பினார். நல்ல கேம்தான் என்று பதில் வந்தது.

மாசியில் பந்தயம் நடந்தது. மூன்றாவது சுற்றில் சோமுவின் வண்டி புகை விட்டுக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டது.

நாலு நாள் கழித்து ஒரு லாரியில் இன்ஜினைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார்கள். பின்னாலேயே வேறு காரில் சோமு வந்தான். பட்டறையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சோமு ஹெட்டைக் காலால் தள்ளிக் காட்டினான். கண்டபடி அரத்தால் ராவி இளைக்க வைத்ததால்தான் வால்வு வளைந்தது என்று ஏகப்பன் சொன்னதாகச் சொன்னான். அதோடு நிறுத்தவில்லை.

“தட்டான் கையில மோட்டாரக் குடுத்தது என் தப்பு. கம்மல் செய்யிற மாதிரி செஞ்சு வச்சிருக்காரு. எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுருங்க.”

காளிதாஸ் எழுந்து வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது. அவர் கனியைத் திரும்பிப் பார்த்தார். கனி ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். பெரிய வீட்டுக் கார்கள் பதினெட்டு அந்தப் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தன.

அன்று சாயங்காலத்துக்குள் பேச்சு கல்லுக்கட்டிக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. பத்தர் ஹெட்டைக் கெடுத்துவிட்டாராம், பையன் உயிர் தப்பியதே பெரிதாம். மறுவாரம் வால்வு வேலைக்கு வந்தவர்கள் கனியிடம், நீங்களே பாருங்கள், அவர் வேண்டாம் என்றார்கள். கனி தயங்கித் தயங்கி, கொஞ்ச நாள் வீட்டில் இருந்து வேலை செய்தால் என்ன என்று கேட்டார். சட்டம் போட்டு வெளியே தள்ளியதைவிட இது காளிதாஸுக்கு எரிந்தது. சட்டத்துக்கு அவர் யாரென்று தெரியாது. கனிக்குத் தெரியும்.

காளிதாஸ் அந்த இன்ஜின் குப்பையிலிருந்து ஹெட்டையும் ஒரு பிஸ்டனையும் கேம் ஷாப்ட்டையும் எடுத்துச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். கேமின் மூக்கை அளந்தார். பதினொன்று மில்லி. மூன்றாவது கேம். பிஸ்டனின் தலையில் பிறை பிறையாக இரண்டு வடு. வால்வு வந்து இடித்த இடம். வளைந்த வால்வை அதன் மேல் வைத்தால் அச்சாகப் பொருந்தியது. ஹெட்டில் அவர் தேய்த்த வழிகளில் ஒரு கீறல்கூட இல்லை.

நாகவல்லி அதைப் பார்த்துவிட்டுக் கொதித்தாள். “நாளுக்கணக்கா அந்தச் சக்கரத்தைச் சுத்திச் சுத்தி என் தோளு இத்துப்போச்சு. நம்ம பேரக் கெடுத்துட்டு அவுக பாட்டுக்குப் போவாக, நாம பாத்துக்கிட்டு இருக்கணுமா? போயிக் கேளுங்க.”

காளிதாஸ் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொத்தமங்கலம் போனார். சோமு வீட்டில் இல்லை. மெய்யம்மை ஆச்சி இருந்தார். அந்த வீட்டுக்குக் காளிதாஸ் புதியவர் அல்ல. ஆச்சியின் இரண்டு நாத்தனார்களுக்கும் நகை செய்தவர். வைரத்தை வெறும் கண்ணால் பார்த்துக் குற்றம் சொல்கிற ஆச்சி அவர்.

காளிதாஸ் கேமையும் பிஸ்டனையும் வால்வையும் பட்டாலை என்ற முன்கூடத்துத் தரையில் வரிசையாக வைத்தார். நடந்ததைச் சொன்னார். வால்வை வடுவின் மேல் பொருத்திக் காட்டினார். ஆச்சி குனிந்து பார்த்தார். பிஸ்டனைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே ஆளை அனுப்பி மகன் அறையிலிருந்து அந்த இங்கிலாந்துப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். சிவப்புக் குறி இரண்டாவது கேமில் இருந்தது. மூன்றாவதைச் சுற்றி மசிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது. அது மகனின் பேனா என்று ஆச்சிக்குத் தெரியும்.

புத்தகத்தை மூடி வைத்தார்.

“பத்தரே, உங்க மேல ஒரு குத்தமும் இல்லை. நீக சொன்னதக் கேக்காம அவந்தான் கெடுத்துருக்கான். எனக்குப் புரியுது.”

“அதை ஆச்சி ஒரு வார்த்தை வெளியில சொல்லணும். இல்லாட்டி தம்பியச் சொல்லச் சொல்லணும். எந்த இடத்துல சொன்னாரோ அதே இடத்துல.”

ஆச்சி தலையசைக்கவில்லை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இந்தச் சமயத்தில் பையன் பேச்சுக் கேட்காதவன், காரைக் கொண்டுபோய் உடைத்தவன் என்று ஊரில் பேச்சு வந்தால் நன்றாக இருக்காது என்றார். நகை வேலைக்குத்தான் இப்போது தடை இல்லையே, வரப்போகிற கல்யாணத்துக்குக் கழுத்துருவை நீங்களே செய்யுங்கள் என்றார். அதை அன்பாகத்தான் சொன்னார்.

ஆச்சிக்குப் புரியாமல் போயிருந்தால்கூடக் காளிதாஸ் தாங்கியிருப்பார். எல்லாம் புரிந்துகொண்டு, வட்டத்தையும் குறியையும் பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் பத்தரின் பெயரை மகனுடைய பெயருக்குக் கீழே போட்டு மூடுகிறார்.

“வேலை கேட்டு வரலை ஆச்சி” என்றார். சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார். ஆச்சி மோர் கொடுக்கச் சொன்னதை வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டார்.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் காளிதாஸ் வீட்டிலேயே வேலை செய்தார். தையல் மெஷின், மண்ணெண்ணெய் அடுப்பு, பூட்டு என்று வந்ததைப் பார்த்தார். கிடைத்த நேரமெல்லாம் அந்த ஹெட்டோடு உட்கார்ந்தார். புது வால்வு வாங்கிப் போட்டார், ஆட்டம் கண்ட வால்வுக் குழல்களை மாற்றினார். புத்தகத்தில் இருந்த இரண்டாவது கேம் அவருக்கு எங்கிருந்து வரும்? அதனால் பழைய இரும்புக் கடையில் ஒரு சாதாரண பியட் கேமை வாங்கினார். மூக்கை உயர்த்த முடியாது, ஆனால் மூக்குக்கு எதிர்ப்பக்கத்து அடிவட்டத்தைத் தேய்த்துச் சிறியதாக்கினால் அந்த அளவுக்கு மூக்கு உயரமாகிவிடும். எத்தனை டிகிரியில் எவ்வளவு உயரம் வர வேண்டும் என்று தன் கண்ணாடிக் குழாய்க் கணக்கை வைத்து முடிவு செய்து, எஃகுத் தகட்டில் ஒரு அச்சு ராவினார். சங்கிலிக் கண்ணி ராவிய அதே சின்ன அரங்களால்தான் ராவினார். ஆனால் அந்த அச்சைப் பார்த்து எட்டு மூக்கையும் தேய்க்கிற மெஷின் கோயம்புத்தூரில்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் நாகூர் கனி வந்தார். பட்டறைப் பக்கம் வராத ஆளைப் பார்க்க வந்தேன் என்றார். காளிதாஸ் உட்காரச் சொல்லவில்லை.

“நீங்க சொன்னது எங் காதுல விழுந்துச்சு பத்தரே. ஆறாயிரம் சுத்துன்னு சொன்னீக, ஸ்பிரிங்குன்னு சொன்னீக. அன்னிக்கு நான் சொல்லலை. பயந்துட்டேன்.”

“இன்னிக்குச் சொல்லுங்களேன், கனியண்ணே. டீக்கடையில போய்ச் சொல்லுங்க.”

கனி தரையில் கிடந்த கேமையும் எஃகு அச்சையும் எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினார். மூன்று நாள் அங்கேயே தங்கி, ஒவ்வொரு மூக்காகப் பக்கத்தில் நின்று தேய்த்து வாங்கிக்கொண்டு வந்தார். வந்த பிறகு டீக்கடையிலும் சொன்னார். பத்தர் வேண்டாமென்ற கேமைப் போட்டுத்தான் அந்த இன்ஜின் போயிற்று, நானே கேட்டேன் என்றார். ஆறு கார்கள் அவர் பட்டறைக்கு வருவதை நிறுத்தின. காளிதாஸ் மறுபடி அவரோடு பேச ஆரம்பித்தார். ஆனால் பட்டறைக்குத் திரும்பவில்லை. கொப்புடையம்மன் கோயில் பக்கத்துச் சந்தில் தனியாக ஒரு கொட்டகை எடுத்தார்.

ஹெட்டும் கேமும் ஹபீப் ரகுமானின் டாக்சியில் ஏறின. ஹபீப் கனியின் தங்கை மகன். பத்து வருஷத்துப் பழைய பியட் வைத்து, திருக்கோஷ்டியூருக்கும் நாட்டரசன்கோட்டைக்கும் கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டிருந்தவர். வண்டி முதலில் திணறியது. கார்பரேட்டர் துளையை மூன்று முறை மாற்றினார் காளிதாஸ். பிறகு அது இழுக்கத் தொடங்கியது. ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைக்குக் கியர் மாற்றாமல் நெடுந்தூரம் ஏறியதாக ஹபீப் வந்து சொன்னபோது, காளிதாஸ் பெட்ரோல் எவ்வளவு குடித்தது என்றுதான் கேட்டார்.

1969 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, காளிதாஸும் நாகவல்லியும் இன்னும் மூன்று பேரும் அந்த டாக்சியில் திருக்கோஷ்டியூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தூர் தாண்டியதும் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களை முந்திப் போனது. சோமுவின் பியட். புது இன்ஜின் போட்ட வண்டி. ஹபீப் காளிதாஸின் முகத்தைப் பார்த்தார். காளிதாஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நேர் ரோடு, எதிரே வண்டி இல்லை. ஹபீப் மிதித்தார். ஐந்து ஆட்களோடு அந்தப் பழைய டாக்சி சோமுவின் பக்கத்தில் போய், கொஞ்ச தூரம் கூடவே ஓடி, தாண்டியது. சோமு திரும்பிப் பார்த்தான். முன் சீட்டில் யார் இருந்தார் என்பதையும் பார்த்தான்.

மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றான். அது என் பழைய ஹெட்தானே என்று கேட்டான். பழைய இரும்புக்குப் போடச் சொன்னது நீங்கள்தான் என்றார் காளிதாஸ். அந்த இன்ஜினை அப்படியே வாங்கிக்கொள்கிறேன், என்ன விலை வேண்டுமானாலும் சொல்லுங்கள், வருகிற பந்தயத்துக்கு வேண்டும் என்றான் சோமு.

“விலை வேணாம். கனியண்ணன் பட்டறை வாசல்ல வந்து நின்னு, தப்பான கேமைத் தேர்ந்தெடுத்தது நாந்தான்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். ஹபீப்கிட்ட நானே கேட்டு வாங்கித் தாரேன்.”

“அதெல்லாம் ஊரே மறந்துபோச்சு பத்தரே.”

“என்னைத் தேடி ஒருத்தரும் வராம எட்டு மாசம் நான் அடுப்புக்குத் திரி மாத்திக்கிட்டு இருந்தேன். எனக்கு மறக்கலை.”

சோமு நின்று யோசித்தான். சொல்லிவிடுவான் என்றுகூட ஒரு கணம் காளிதாஸ் நினைத்தார். புது இன்ஜின் விலையைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்றான் அவன். காளிதாஸ் அரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சந்துக் கொட்டகை நன்றாக நடந்தது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பந்தயக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எந்தக் கேம் போடலாம் என்று வெறுங்கையோடு வந்து கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஹெட்டைக் கொண்டுவாருங்கள், அது எவ்வளவு மூச்சு விடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கேம் பேச்சு என்பார். காற்றுச் சக்கரத்துக்கு மோட்டார் வைத்தாகிவிட்டது. ஆனாலும் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பது நாகவல்லிதான்.

1974 ஆடியில் வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்து, கொத்தமங்கலத்து ஐயா வண்டியில் இருக்கிறார், இன்ஜின் விஷயமாக ஒரு யோசனை கேட்க வேண்டுமாம், கூப்பிடுகிறார் என்றான். இறங்கி வரச் சொல்லு என்றார் காளிதாஸ். டிரைவர் போனான். கார்க் கண்ணாடி இறங்கியது, மறுபடி ஏறியது. கால் மணி நேரம் அந்தக் கார் அங்கேயே நின்றது. உள்ளே இருந்த சோமு இறங்கவில்லை. பிறகு கார் கிளம்பிப் போனது.

பட்டறை வாசலில் சோமு அப்படிப் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருந்தும் அன்று காளிதாஸ் அரத்தை வைத்தால் கோடு கோணலாக விழுந்தது. ஒரு வால்வு இருக்கையைக் கெடுத்துவிடப் பார்த்தார். நாகவல்லி வந்து அரத்தை வாங்கி வைத்தாள். அந்த ஹெட்டைக் கொடுத்திருந்த மதுரைக்காரர் மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.